ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு: நீளமான இசையை எதிலிருந்து தொடங்குவது?

சினிமாப் பாட்டு நாலு, அஞ்சு நிமிடத்தில் முடிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அந்த அளவு இசைத்தட்டிலிருந்து வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சில விநாடிகளும்தான் இடம். கச்சேரியில் அரை மணி நேரம் விரிகிற கீர்த்தனையைக்கூட அந்தக் கால வித்வான்கள் அதற்குள் சுருக்கித்தான் பாடிக் கொடுத்தார்கள். தட்டு போய் கேசட் வந்தது, கேசட்டும் போய்விட்டது, இன்று போன் நாள் முழுக்கப் பாடும். பாட்டு மட்டும் கிட்டத்தட்ட அதே அளவில் நிற்கிறது.

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்ற லாங் ப்ளே தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பன்னிரண்டு அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். முதலில் இதனால் லாபமடைந்தவர்கள் சிம்பொனி வாசித்தவர்களும் ஜாஸ்காரர்களும்தான். ராக் உலகம் ரொம்ப நாள் எல்.பி.யைப் பக்கத்துக்கு ஐந்தாறு சின்னப் பாட்டு போட்டு நிரப்பும் பையாகவே வைத்திருந்தது. அறுபதுகளின் கடைசியில்தான் சிலருக்கு இடம் இருக்கிறதே, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. அதே சமயத்தில் ஸ்டுடியோக்களில் எட்டு தடம், பதினாறு தடம் கொண்ட டேப் இயந்திரங்கள் வந்தன. அமெரிக்காவில் எஃப்.எம். வானொலிகள் நீளமான பாட்டுகளை அப்படியே ஒலிபரப்பத் தொடங்கின. இது எல்லாம் சேர்ந்து இரண்டு வகை இசைக்கு வழிவிட்டது. பிரிட்டனில் ப்ராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக். அமெரிக்காவில் ஜாஸையும் ராக்கையும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் பாஷையில் சொல்லிவிடலாம். ப்ராக்கில் பெரும்பகுதி முன்பே கட்டமைத்த சாகித்யம். எங்கே எது வரும் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஃப்யூஷனில் ஒரு பல்லவியும் தாளமும் மட்டும் பேசிவைத்துக்கொண்டு மிச்சத்தை மனோதர்மத்துக்கு, அதாவது வாசிக்கும் நேரத்துக் கற்பனைக்கு, விடுவார்கள். எல்லை இவ்வளவு சுத்தமாக இருக்காது, இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வந்தார்கள். ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கிறவருக்கு இது போதும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் பதில், "இருபது நிமிஷம் யாருங்க ஒரே பாட்டைக் கேட்பாங்க?" என்பதுதான். இதைச் சொல்கிறவர் போன கோடையில் பாரதக் கூத்துக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்திருந்தவராகவும் இருப்பார். நம் ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று நாள் கணக்கில் ஓடி, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும் நடக்கின்றன. ஒரு ராத்திரிக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதங்கமும் ஆர்மோனியமும் முகவீணையும் களரி கட்டி முடிக்கவே நேரமாகும். அப்புறம் கட்டியங்காரன். அப்புறம் ஒவ்வொரு வேடமும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, பாதி முகம் காட்டி, திரை விலகி, ஆடி, தான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அரை மணி. துச்சாதனன் சேலையில் கை வைக்கும்போது ராத்திரி பாதிக்கு மேல் போயிருக்கும். நடுவில் தூங்கியவர்களும் உண்டு. முகவீணை உச்சத்தில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் தட்டாமலேயே எழுந்துகொள்வார்கள்.

கூத்து பார்க்கிறவருக்கு நீளம் சுமையாகத் தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அதில் திரும்பி வரும் அடையாளங்கள் உண்டு. இந்த மெட்டு வந்தால் இந்த வேடம், இந்த அடி விழுந்தால் சண்டை. நல்ல ப்ராக் பாட்டும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு சிறிய இசைத்துண்டு வரும். அது காணாமல் போகும். பத்து, பன்னிரண்டு நிமிடம் கழித்து வேறு வேகத்தில், வேறு வாத்தியத்தில், வேறு மனநிலையில் திரும்பி வரும். அந்தத் திரும்பல் நிகழும்போது நடுவில் கேட்டது அத்தனைக்கும் அர்த்தம் கிடைக்கும். கேட்கிறவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: முதல் இரண்டு நிமிடத்தில் வரும் மெட்டை மனதில் பிடித்துக்கொள்வது. மிச்ச நேரம் கவனம் அங்கே இங்கே போனாலும் பரவாயில்லை.

இதைச் சொல்லாமல் பட்டியல் கொடுக்கிறவர்களால்தான் பாதிப் பேர் இந்த இசையை விட்டு ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம். 'எல்லாக் காலத்திலும் சிறந்த பத்து ஆல்பம்' என்று ஒன்றை நீட்டுவார்கள். அதில் முதலிடத்தில் இருப்பது பெரும்பாலும் கேட்கக் கடினமானதாக இருக்கும். எது சிறந்தது என்பதும், எதை முதலில் கேட்கலாம் என்பதும் வேறு வேறு கேள்விகள். கேட்கிறவர் ஏற்கெனவே எதற்குத் தலையாட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

பம்பையும் பறையும் அடித்தால் கால் நிற்காதவர் என்றால், ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்'. 1973இல் வந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு, பதினைந்தே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்கத்தில் சிந்தசைசரில் ஒரு கனத்த பேஸ் வரி மட்டும் தனியாக வரும். ஹான்காக் அதை ஆர்ப் ஒடிஸி என்ற கருவியில் வாசிக்கிறார். டிரம்ஸ் சேரும், அதன் மேல் இன்னொரு தாள வரி, அப்புறம் சாக்ஸபோன். ஒவ்வொருவராக வந்து உட்கார்கிறார்கள். பேஸ் வரி அசையாது. ஏறக்குறைய பாதியில் அந்த வரி நின்று, வேறொரு நடைக்குப் பாட்டு மாறும். மின் பியானோ தனியாகப் பேசும். அப்புறம் பழைய வரி திரும்பும். எட்டு நிமிடம் அடித்து அடித்துப் பழக்கிய வரி என்பதால் அது திரும்புகிற இடம் யாருக்கும் தப்பாது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறவருக்கு நான் கொடுப்பது இதுதான். இசைப் பயிற்சி எதுவும் தேவைப்படாத நீளம் இது.

பஸ்ஸுக்கும் இது ஏற்றது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் என்று வாரா வாரம் பெங்களூரு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஏறி ஓசூரில் இறங்குவதற்குள் ஒரு முழு எல்.பி.யைக் கேட்டுவிடலாம், நேரம் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எந்த எல்.பி. என்று பார்த்து எடுக்க வேண்டும். ஏர் ஹாரனும் டிரைவர் போடும் பாட்டும் நடுவில் புகும் இடத்தில் மெல்லிய இசை எடுபடாது. 'கமீலியன்' தாக்குப்பிடிக்கும். அடுத்துச் சொல்லப்போவது தாக்குப்பிடிக்காது.

இளையராஜாவின் பின்னணி இசைக்காகவே படத்தைத் திரும்பப் பார்க்கிறவர் என்றால் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் குழுவின் 'எக்கோஸ்'. 1971இல் வந்த 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க இந்த ஒரே பாட்டு, இருபத்து மூன்றரை நிமிடம். இதை ராத்திரி, வீடு அடங்கிய பிறகு, ஹெட்போனில் கேட்க வேண்டும். தொடக்கத்தில் 'ணிங்' என்று ஒற்றை ஒலி. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி 'ணிங்'. ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒரே ஒரு சுரத்தை அழுத்தி, அதைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பிய சத்தம் அது. பாட்டு முழுக்கவே இந்த ஒரு ஒலியிலிருந்து முளைத்ததுதான். குழு ஸ்டுடியோவில் உருப்படியான திட்டம் எதுவும் இல்லாமல் துண்டு துண்டாக வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தது. அந்தத் துண்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம் வரும் 'நத்திங்', கூடவே ஒரு எண். அவற்றை ஒட்டி எடுத்ததுதான் இது.

ஒட்டுப் போட்ட தையல் தெரிகிறதா என்று பாருங்கள். முதல் ஐந்தரை நிமிடம் பாட்டு. ரைட்டும் கிதார் வாசிக்கும் கில்மோரும் சேர்ந்து, குரல் உயர்த்தாமல் பாடுகிறார்கள். ஏழாவது நிமிடத்தையொட்டித் தாளம் கெட்டியாகி, கால் ஆடும் நடை வரும். பதினொன்றாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் அது கரைந்து, காற்று வீசும் ஒலியும், நடுவில் ஏதோ பெரிய பறவையோ திமிங்கிலமோ அலறுவது போன்ற கூவலும். கில்மோர், காலால் அழுத்தி ஒலியை மாற்றும் வா-வா பெடலில் ஒயர்களை மாற்றிச் செருகியதால் கிதாரிலிருந்து வந்த சத்தம் அது. தாளமும் மெட்டும் இல்லாத இந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான் புதிதாகக் கேட்கிறவர் அடுத்த பாட்டுக்குத் தாவுவார். தாவக் கூடாது. பதினைந்தாவது நிமிடத்தில் அந்த இருட்டுக்குள்ளிருந்து 'ணிங்' திரும்பி வரும். அதற்கு அடியில் ஆர்கன், அப்புறம் மெதுவாக டிரம்ஸ், அப்புறம் கிதார், ஒவ்வொன்றாகக் கனம் ஏறி, பத்தொன்பதாவது நிமிடத்தில் மறுபடி அதே குரல்கள், அதே மெட்டு. காற்றுப் பகுதியைக் கேட்காமல் தாவி வந்தவருக்கு இது வெறும் ஒலி. உள்ளே இருந்து வந்தவருக்கு வேறு. எடுத்த எடுப்பில் இது யாருக்கும் புரியாது என்று சொல்வார்கள். ராஜா இசையமைத்த படங்களில் ஒரு மெட்டு முதல் காட்சியில் புல்லாங்குழலிலும் கடைசிக் காட்சியில் வயலின் கூட்டத்திலும் வருவதைக் கவனித்த காதுக்கு இது புரியும்.

அதே குழுவின் 1975ஆம் வருட ஆல்பமான 'விஷ் யூ வேர் ஹியர்' அடுத்து. அதில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' என்ற பாட்டை இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் இரு முனையிலும் வைத்திருக்கிறார்கள். குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கு முன் நான்கே சுரம் கொண்ட ஒரு கிதார் துண்டு வரும். மனநிலை பிசகிக் குழுவை விட்டுப் போன சிட் பேரட்டை நினைத்து எழுதிய பாட்டு, அந்த நான்கு சுரம்தான் அவர். இதை ஷஃபிளில் போட்டுக் கேட்டால் முன்பாதி ஓரிடத்திலும் பின்பாதி வேறிடத்திலும் வரும். ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

சரி, அடுத்தது கொஞ்சம் தாளம் தெரிந்தவர்களுக்கு. மிருதங்கமோ தவிலோ கற்றவர்கள், பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா போடுகிறவர்கள், கோயிலில் உட்கார்ந்து தொடையில் ஆதி தாளம் தட்டுகிறவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள். ப்ராக்கைப் பற்றி மேற்கில் எழுதுகிறவர்கள் இதன் சிக்கலான தாளத்தை ஒரு மலையாகக் காட்டுவார்கள். ராக் பாட்டு என்றால் நான்குதான் என்று பழகிய காதுக்கு ஏழும் ஒன்பதும் மலைதான். மிஸ்ர சாப்பு ஏழு, கண்ட சாப்பு ஐந்து, சங்கீர்ணம் ஒன்பது என்று வளர்ந்த ஊரில் அந்தப் பயம் தேவையில்லை. பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டு ஏழில் ஓடும். கிதார் தனியாகப் பேசும் இடத்தில் மட்டும் நான்குக்கு மாறும். அந்த இடத்தைக் கையில் தட்டிக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி.

அதில் தேறியதும் ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி'. 1972, 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பம், ஏறக்குறைய இருபத்து மூன்று நிமிடம், ஏழு பகுதி. ஆறாவது பகுதியில் டிரம்ஸும் கிதாரும் பேஸும் ஒன்பதில் ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் டோனி பேங்க்ஸ் ஆர்கனில் அந்த ஒன்பதைச் சட்டை செய்யாமல் தன் கணக்கில் வாசித்துக்கொண்டு போவார். தாளம் கீழே நிற்க, மேலே வேறு நடையில் கோர்வை போய்ச் சமத்தில் வந்து விழுவதை ரசிக்கத் தெரிந்தவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார். அது முடிகிற இடத்தில் பாட்டின் முதல் மெட்டு பெரிய உருவில் திரும்புகிறது. இந்தப் பாட்டில் நடுவே வரும் வேடிக்கைப் பகுதி எனக்கு இன்றும் ஒட்டவில்லை. அதற்காகத் தாண்டிப் போகவும் மாட்டேன்.

கிங் கிரிம்சன் குழுவின் 'ஸ்டார்லெஸ்' பன்னிரண்டு நிமிடம்தான். 1974இல் வந்த 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. மெல்லட்ரான் என்ற டேப் கீபோர்டும் கிதாரும் சோகமாக ஒரு மெட்டு வாசிக்கும், குரல் வரும், நாலு நிமிடத்துக்கு மேல் போனதும் எல்லாம் நின்று, பேஸ் மட்டும் பதின்மூன்றில் ஒரு துண்டைத் தொடங்கும். ராபர்ட் ஃபிரிப் கிதாரில் ஒரே சுரத்தை விட்டுவிட்டுத் தட்டுவார். பல நிமிடம் இதே வேலை. சுரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், வேறு ஒன்றும் நடக்காது. எரிச்சல் வரும். வர வேண்டும். அது உடைந்து வேகமெடுத்து, கடைசியில் அந்தச் சோக மெட்டு சாக்ஸபோனில் திரும்பும்போதுதான் அவ்வளவு நேரம் ஏன் இழுத்தார்கள் என்பது தெரியும். நீளத்தை வீணாக்காத பாட்டு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதை.

ஃப்யூஷன் பக்கம் தாளக்காரர்களுக்கு ஒரு பெயர் போதும்: ஜான் மெக்லாக்லின். இங்கிலாந்துக் கிதார்க்காரர். 1969 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கு வந்து இறங்கிய சில நாளிலேயே ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் அவரை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனார். 'இன் எ சைலன்ட் வே' அப்படிப் பதிவானதுதான். பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் இரண்டே பாட்டு. தயாரிப்பாளர் டியோ மசேரோ பதிவான டேப்பைக் கத்தரித்து, தொடக்கத்தில் வரும் பகுதியை அப்படியே கடைசியிலும் ஒட்டினார். வாசித்தவர்கள் திரும்பி வரவில்லை, கத்தரிக்கோல் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனாலும் கேட்கும்போது கடைசியில் வருவது வேறு மாதிரிதான் இருக்கிறது. அடுத்த வருடம் வந்த 'பிச்சஸ் ப்ரூ' இரட்டை எல்.பி.; அதன் தலைப்புப் பாட்டு மட்டும் இருபத்தேழு நிமிடம். ஃப்யூஷன் கேட்க வேண்டும் என்றதும் எல்லாரும் இதைத்தான் நீட்டுவார்கள். தயவுசெய்து இதில் தொடங்காதீர்கள். பல கருவிகள் ஒரே சமயத்தில் குமுறும், பிடித்துக்கொள்ள மெட்டு குறைவு. ஆறேழு ஆல்பம் கேட்ட பிறகு வந்தால், அதே குமுறலில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது காதில் விழும்.

மெக்லாக்லின் 1971இல் தொடங்கிய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரைப் பார்த்து பக்திப் பாட்டு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அவருடைய குரு ஸ்ரீ சின்மய் அவருக்குக் கொடுத்த பெயர் மகாவிஷ்ணு. இசையோ இடி. 'தி இன்னர் மவுன்ட்டிங் ஃப்ளேம்', 1973இல் வந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இரண்டும் முதலில் கேட்க வேண்டியவை. தனித்தனிப் பாட்டுகள் அவ்வளவு நீளமில்லை, ஆனால் அடர்த்தி. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தலைப்புப் பாட்டு பதினெட்டு எண்ணிக்கையில் சுற்றுகிறது. டிரம்மர் பில்லி கோபம் (Billy Cobham) அதை அடிக்கும் வேகத்தில் முதல் தடவை எண்ணிக்கை தப்பும். ஒன்பது ஒன்பதாகப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் 'சக்தி'. இங்கேதான் நம் ஆட்கள் நேராக உள்ளே வருகிறார்கள். மெக்லாக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அந்தப் பழக்கத்தில் எல். சங்கரின் வயலின், டி.எச். விக்கு விநாயக்ராமின் கடம், ராம்நாட் ராகவனின் மிருதங்கம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு சேர்ந்து மின்சாரக் கருவி இல்லாத ஒரு குழுவை அமைத்தார். கொஞ்ச காலம் முன்பு வரை ஸ்பீக்கரை அலறவிட்ட மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அக்கூஸ்டிக் கிதார் வாசித்ததைப் பார்த்து அவருடைய ராக் ரசிகர்கள் எப்படி விழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அந்தக் கிதாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்காகத் தனியாகச் செய்யப்பட்டது. சாதாரணக் கிதாரில் இரண்டு மெட்டுக் கம்பிகளுக்கு (ஃப்ரெட்) நடுவே கட்டை சமமாக இருக்கும்; விரல் அழுத்தினால் கட்டையில் போய் முட்டும். இவருடைய கிதாரில் அந்த இடைவெளிகளைக் குழியாகச் செதுக்கியிருந்தார்கள். விரல் கட்டையில் முட்டாது. தந்தியைக் கீழே அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் சுரத்தை வளைக்கலாம். வீணையில் கமகம் வருவதும் மெட்டுக்கு மேல் தந்தியை இழுப்பதால்தான். இன்னொரு ஏற்பாடும் உண்டு: வாசிக்கும் தந்திகளுக்குக் குறுக்காக ஒரு வரிசைத் தந்தி, தொடாமலேயே அதிர்ந்து ரீங்காரம் கொடுக்கும். சங்கர் வயலினில் ஒரு பிடி பிடிக்க, மெக்லாக்லின் அதையே திருப்பிச் சொல்வது சாத்தியமானது இப்படிச் செதுக்கிய கட்டையால்தான்.

முதல் ஆல்பம் 1975 ஜூலையில் நியூயார்க் மாகாணத்தில் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. மொத்தம் மூன்றே உருப்படி. கடைசி உருப்படியின் பெயரே ஒரு முழு வரி நீளம், ஓடுவது இருபத்தொன்பது நிமிடம். ராகம் விரியும் விதமும், கடமும் தபலாவும் மாறி மாறிப் பேசும் தனியும் கச்சேரி கேட்டுப் பழகியவருக்கு வீட்டுக்கு வந்தது மாதிரி இருக்கும். கிதார் நடுவில் ஸ்பானிய வாசனையோடு ஒரு வளைவு வளைந்து போகும்போதுதான் வெளியூரில் இருக்கிறோம் என்பது தெரியும். இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கும். மேற்கத்திய இசையில் ஆர்வமே இல்லாத மிருதங்கக்காரரை இந்தப் பக்கம் இழுக்க அதைவிட நல்ல தூண்டில் இல்லை.

சக்தி பின்னாளில் யு. ஸ்ரீநிவாசின் மாண்டலின், விக்குவின் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா என்று புது ஆட்களோடு திரும்பியது. அப்புறம் சங்கர் மகாதேவன் சேர்ந்தார். 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' அடுத்த வருடம் கிராமி வாங்கியது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். கிராமி வாங்கியதைத்தான் முதலில் கேட்பேன் என்றால் தடுக்க மாட்டேன். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கல்லூரிக் கச்சேரியில் இருக்கும் பசி அதில் இல்லை.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலேயே அகம் என்ற குழு கர்நாடக சங்கீதத்தையும் ப்ராக்கையும் சேர்த்து வாசிக்கிறது. பாட்டுகள் எல்.பி. பக்கம் அளவுக்கு நீளமில்லை. தெரிந்த கீர்த்தனை வழியாக உள்ளே வர விரும்புகிறவருக்கு நல்ல வாசல். ஓசூரிலிருந்து நேரில் போய்க் கேட்டுவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

கேட்கும் முறை பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். கேசட் காலத்தில் ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்றுக் கேசட் கொடுத்தால் கேட்டதைப் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் என்பதால் எல்.பி.யின் இரண்டாம் பக்கத்து நீளப் பாட்டு நடுவில் அறுந்து, திருப்பிப் போட்டதும் தொடரும். தொண்ணூறு வாங்கினால் முழு எல்.பி.யும் ஒரே பக்கத்தில் அடங்கும். இன்றைக்கு அறுக்கிற வேலையைச் செயலிகள் செய்கின்றன. இலவசக் கணக்கில் விளம்பரம் நடுவில் பாயும். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் க்ராஸ்ஃபேட் வசதி சில போன்களில் இயங்கிக்கொண்டே இருக்கும், அமைப்பில் போய் அணைக்க வேண்டும். தேடும்போது ஓடும் நேரத்தைப் பாருங்கள்: 'கமீலியன்' மூன்று நிமிடம் என்று காட்டினால் அது வானொலிக்காக வெட்டியது. ஆல்பத்தின் கடைசியில் 'போனஸ்' என்று ஒட்டியிருப்பவற்றை முதல் தடவை கேட்க வேண்டாம். முடிக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்த இடத்தில் முடியட்டும்.

இவ்வளவும் கேட்டுச் செரித்தவருக்கு மிச்சமிருப்பவை பெரிய மீன்கள். ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ ப்ரிக்', 1972. நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு, தட்டைத் திருப்பிப் போட வேண்டியிருந்ததால் மட்டும் இரண்டானது. முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் எல்லாப் பாட்டும் ஒரே கருவைச் சுற்றும் 'கான்செப்ட் ஆல்பம்' என்று சொல்லப்போக, அப்படியானால் நிஜமாகவே ஒன்று செய்து காட்டுகிறேன் என்று குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன் கிண்டலாக எழுதியது. உறை ஒரு போலிச் செய்தித்தாள். கிண்டல் என்று தெரியாமலேயே ரசித்தவர்கள் நிறைய. அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆண்டர்சனின் புல்லாங்குழலில் நம் குழலின் குழைவைத் தேடாதீர்கள், அவர் ஊதும்போதே முனகுவார், உறுமுவார்.

யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' அதே வருடம். பதினெட்டரை நிமிடத்துக்கு மேல், நான்கு பகுதி. பறவை ஒலியும் நீரோடும் ஒலியுமாகத் தொடங்கி, திடீரென்று எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவது மாதிரி ஒரு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைத் தாண்டினால் மெட்டு கிடைக்கும். நடுவில் எல்லாம் அடங்கி, ஒரு தேவாலய ஆர்கன் எழும். அதன் பிறகு முதல் மெட்டு இரட்டை வேகத்தில் வந்த மாதிரி திரும்பும். ப்ராக்கில் ஒரே ஒரு பாட்டு வைத்துக்கொள் என்றால் பலரும் இதை எடுப்பார்கள், நானும் எடுப்பேன். முதலில் கொடுக்க மட்டும் மாட்டேன்.

அவர்களுடைய அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 1973இன் 'டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரட்டை எல்.பி., நான்கு பக்கம், நான்கே பாட்டு, எண்பது நிமிடம். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் ஓர் அடிக்குறிப்பு. சாஸ்திரங்களை நான்கு வகையாகப் பிரித்துச் சொல்வது. பாடகர் ஜான் ஆண்டர்சன் அதைப் படித்துவிட்டு வகைக்கு ஒரு பக்கம் என்று எடுத்துக்கொண்டார். நம் ஊர் விஷயமாச்சே என்ற பெருமையில் இதை முதலில் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்.பி.யில் இடம் இருக்கிறது என்பதற்காகவே இழுத்த இடங்கள் இதில் உண்டு. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனே அப்படி நினைத்தார், அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் குழுவை விட்டுப் போனார். என்னைக் கேட்டால் நான்காம் பக்கத்தை முதலில் கேளுங்கள், அப்புறம் முதல் பக்கம். நடுவில் இருக்கும் இரண்டையும் அவசரப்பட்டுத் தொட வேண்டியதில்லை.